லைலாக்குக்கு ஊற்றிய தண்ணீர்

டன்மோர் மில்ஸ் ஊரில் புனித பர்னபா ஆலயத்துக் குருவானவர்கள் ஜனவரி மாதத்திலும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இடுப்பளவு பனி கிடக்கும். வெர்மான்ட் மலைக்காற்று காதை அறுத்துக்கொண்டு போகும். ஞாயிறு ஆராதனை முடிந்து, ஜனங்கள் கூடத்தில் காப்பிக்கு வரிசை நிற்கும்போது பக்கவாட்டுக் கதவு திறக்கும். அங்கியின் மேல் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, சின்ன வெள்ளிச் செம்போடு குருவானவர் வெளியே வருவார். வடக்குச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி, வசந்தத்தில் ஊதாப் பூ பூக்கும் லைலாக் செடி ஒன்று இலை ஒன்றுகூட இல்லாமல் விறகுக்கட்டு மாதிரி நிற்கும். அதன் அடியில் செம்பைக் கவிழ்த்துவிட்டு, ஒரு நிமிஷம் நின்று, திரும்பி நடப்பார்.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை. முதல் குருவானவர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த வழக்கம் என்பார் ஒருவர். அவர் மனைவி நட்ட செடி, அவள் பிரசவத்தில் போய்விட்டாள், அந்த ஞாபகம் என்பார் இன்னொருவர். இந்த ஆலயத்து எபிஸ்கோப்பல் சபைக்காரர்களுக்கு வழக்கம் என்று ஒன்று இருந்தால் போதும், காரணம் தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.

ஓரின் டட்டில் மட்டும் எதையும் நம்பவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊருக்குக் குழாய் வேலை பார்த்தவர். தண்ணீர் எங்கே போக வேண்டும், எங்கே போகக்கூடாது என்பது தனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம். பனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் படித்த மனிதர்களைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. கூடத்து வாசலில் காப்பிக் கோப்பையோடு நின்று குரல் கொடுப்பார்.

"என்ன ஃபாதர், செடிக்குத் தாகமா?"

விட்கோம்ப் குருவானவர் காலத்திலிருந்தே இந்தக் கேள்விதான். ஆள் நெட்டை, பேச்சு குறைவு. செம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடியே, "கேட்டுப் பாக்குறேன் ஓரின்," என்பார். கூடமே சிரிக்கும்.

அவருக்குப் பின் வந்த பென்ஹாலோ, 1981 பிப்ரவரியில் அந்தச் செடிக்குப் போகிற வழியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஓரின்தான் தன் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இருபத்தெட்டு மைல், வழி முழுக்கக் கேலி. பென்ஹாலோவுக்குப் பின் வந்த டாகெட்டுக்கு ஒரு கிறிஸ்துமஸ் அன்று சபையார் முன்னிலையில் சிவப்பு ரிப்பன் கட்டிய பச்சைப் பூவாளி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார் ஓரின். டாகெட் அதை மிகுந்த மரியாதையோடு வாங்கி, அந்த ஊரை விட்டுப் போகும்வரை அலுவலக அலமாரியில் வைத்திருந்தார்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, 2008 ஏப்ரலில் ஓரினின் மனைவி வெர்னா அந்தப் பழைய பதிவேட்டைத் திறக்கும்வரை.

ஆலயத்துக்கு நூற்றைம்பது வயது. ஜூன் மாதம் பர்னபா திருநாளுக்குப் பேராயர் வருகிறார். அதற்குள் சபை வரலாற்றைப் புத்தகமாகக் கொண்டுவர வேண்டுமென்று முடிவானபோது எல்லாருடைய விரலும் வெர்னாவைக் காட்டியது. தபால் நிலையத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தும் ஊராரின் ஒரு கடிதத்தைக்கூடப் பிரித்துப் பார்க்காதவள், அவளிடம் எதைக் கொடுத்தாலும் பத்திரம் என்றார்கள். அவளும் பனிக்காலம் பூராவும் உட்கார்ந்து எழுதினாள். மொத்தம் பதினான்கு குருவானவர்கள். குளிர் தாங்காமல் ஆறே மாதத்தில் ஓடிப்போனவர் ஒருவர். பாஸ்டனுக்கு மணி வாங்கப் போய் ஆர்கனோடு திரும்பி வந்தவர் ஒருவர். கல் குவாரியில் பாறை சரிந்தபோது மூன்று நாள் கல் சுமந்து, பிறகு அதே கையால் பதினோரு பேரை அடக்கம் செய்தவர் ஒருவர். அவரைப் பற்றி எழுதிய அன்று வெர்னா சாப்பிடவில்லை.

வீட்டிலும் அந்தப் பனிக்காலம் லேசாகப் போகவில்லை. ஜனவரியில் ஓரினுக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் மண்வெட்டி தொடக்கூடாது, உப்புக்கண்டம் தொடக்கூடாது, கோபப்படக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றில் எது கஷ்டம் என்று வெர்னாவைக் கேட்டால் உடனே சொல்வாள். குழாய்க் கடையை மூடியாயிற்று. மனிதருக்கு மிச்சம் இருந்தது ஒரே பெருமை. "நான் போட்ட குழாயை இன்னொருத்தன் திரும்பப் பிரிச்சதில்ல" என்று ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்லிக்கொள்வார்.

ஏப்ரல் என்றால் சேற்றுக் காலம். தரைக்குள் உறைந்ததெல்லாம் இளகி, மண் சாலை வண்டிச் சக்கரத்தை அச்சு வரை விழுங்கும். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஆலய அலுவலகத்தில் பழைய ஆராதனைப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள் வெர்னா. தேதி, பிரசங்கித்தவர், திருவிருந்து எடுத்தவர்கள் எத்தனை பேர், கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி. குறிப்பில் பெரும்பாலும் வானிலைதான் இருக்கும். 1966 நவம்பர் பதின்மூன்றாம் தேதிக்கு எதிரே விட்கோம்ப் பொடி எழுத்தில் எழுதியிருந்தார்:

"திருப்பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாயை இளைஞர் ஓரின் டட்டில் ஊர்ச் சாக்கடையில் சேர்த்துவிட்டார். கேட்காமலே, கூலி வாங்காமலே செய்த வேலை. அவரிடம் சொல்வதற்கில்லை. இன்றுமுதல் தண்ணீர் லைலாக்குக்கு."

வெர்னா மூன்று தடவை படித்தாள். பிறகு 1974ஐத் தேடி எடுத்தாள். பென்ஹாலோவின் முதல் ஞாயிறு. "லைலாக் பற்றி விட்கோம்ப் சொன்னார். தொடர்வேன்." பிறகு 1989, டாகெட்டின் கையெழுத்து. "சாவிகளும் லைலாக்கும் பெற்றுக்கொண்டேன்."

பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் உடுப்பறைக்குப் போனாள். மார்கிட் ஸ்டோவெல் அங்கே சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான்கு வருஷமாக அவர்தான் குருவானவர், அந்த ஆலயத்தின் முதல் பெண் குருவானவர். இன்னும் இரண்டு ஊர் சபைகளையும் சேர்த்து ஓட்டுகிறவர். மூலையில் ஒரு கல் தொட்டி. மரப்பலகை போட்டு மூடி, மேலே ஒரு ஜெரேனியம் பூச்சாடி.

"உங்களுக்கு இது தெரியும்ல?" என்று பதிவேட்டைக் காட்டினாள் வெர்னா.

மார்கிட் படித்தார். முகம் மாறவில்லை. "டாகெட் சாவிக்கொத்தைக் குடுத்தப்போ மூணு விஷயம் சொன்னாரு. ஃபர்னஸை எந்த இடத்துல உதைச்சா எரியும், யார் யாருக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல, அப்புறம் இது."

"எனக்குச் சரியா விளங்கல. தொட்டித் தண்ணி சாக்கடைக்குப் போனா என்ன?"

"எல்லாத் தண்ணியும் போகலாம். இது போகக்கூடாது. பாத்திரத்தைக் கழுவுறப்போ ஒரு சொட்டு திராட்சரசம், ஒரு துணுக்கு அப்பம் அதுல இருக்கும். நாம கிறிஸ்துவோட ரத்தம்னு சொல்லிக் குடிச்சது. அதைக் கொண்டுபோய் ஊர்க் கழிவோட கலக்குறதா? அதுக்குத்தான் இந்தத் தொட்டிக்குத் தனிக் குழாய். நேரா மண்ணுக்குள்ள போறதுக்கு."

வெர்னா ஜெரேனியத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஓரின் அப்போ மெதடிஸ்டு, அவங்க கோயில்ல இது கிடையாது. அவனுக்கு இந்தத் தொட்டி என்னன்னே தெரிஞ்சிருக்காது."

"கடை போட்டு மூணு மாசம்தான் ஆகியிருந்துச்சாம். பழைய குழாய்க்காரர் ஒருத்தர், எப்போடா இவன் சறுக்குவான்னு பாத்துட்டே இருந்தாராம். ஆலயத்துல தப்புப் பண்ணிட்டான்னு ஒரு வார்த்தை வெளிய போயிருந்தா கடையை அன்னிக்கே மூடியிருப்பாங்க. விட்கோம்ப் செம்பைக் கையில எடுத்துட்டாரு."

"பிறகாவது சரி பண்ணியிருக்கலாமே."

"யாரை வெச்சு? அப்புறம் ஊர்ல இருந்த ஒரே குழாய்க்காரர் ஓரின்தான். வெளியூர் ஆளைக் கூட்டிட்டு வந்தா, எதுக்கு வந்தான்னு ஓரினே வந்து நிப்பாரு."

அது உண்மைதான். வந்து நிற்பது மட்டுமல்ல, டார்ச் அடித்தும் பார்ப்பார்.

"வெர்னா, நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன்," என்றார் மார்கிட். "செவ்வாய்க்கிழமை லூசியன் வர்றான். கழிப்பறையைப் புதுசாக் கட்டுறதுக்கு இந்த அறைக்குக் கீழதான் தரையை உடைக்கணும். எல்லாக் குழாயும் சேர்ற இடம். திறந்தா முதல்ல அதுதான் கண்ணுல படும்."

லூசியன் கேரோன் ஓரினிடம் பதினைந்து வருஷம் வேலை கற்றவன், இப்போது சொந்தமாகச் செய்கிறான். கத்தோலிக்கன். அவனுக்கு அந்தத் தொட்டி என்னவென்று பார்த்தவுடன் தெரியும்.

"அவன்கிட்ட வாயை மூடச் சொல்லவா?"

"லூசியன்கிட்டயா?" என்றாள் வெர்னா. "மத்தியானம் சாப்பாட்டுக் கடையில சொல்லிடுவான். சாயங்காலம் யாராவது ஓரின்கிட்ட வந்து கிண்டல் பண்ணுவாங்க. அவன் நெஞ்சு தாங்காது. நானே சொல்றேன்."

சனிக்கிழமை என்றால் அவர்கள் வீட்டில் பீன்ஸ். காலையிலேயே பானையில் போட்டு, மேப்பிள் பாகு ஊற்றி அடுப்புக்குள் வைத்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு இறக்கலாம். உப்புக்கண்டம் போடாத பீன்ஸை ஓரின் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"இது சாப்பாடு இல்ல வெர்னா. தண்டனை."

"சாப்பிடு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"டாக்டர் பீன்ஸையும் நிறுத்தச் சொல்லிட்டானா?"

அவள் துண்டில் சுற்றி வைத்திருந்த பதிவேட்டைப் பிரித்து, இடம் காட்டி, அவர் பக்கம் தள்ளினாள். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். படித்ததும் முதலில் வந்தது கோபம்தான்.

"இது என் வேலை இல்ல."

"உன் பேரு போட்டிருக்கு ஓரின்."

"சாக்கடை வந்தப்போ கட்டடத்துல இருக்கிற எல்லாக் குழாயையும் சேக்கச் சொல்லி ஊர் ஆர்டர். நான் கீழ போய்ப் பாத்தேன். ஒரு ஈயக் குழாய் மட்டும் சுவரோரமா மண்ணுல போய் நின்னுச்சு. எவனோ சோம்பேறி பாதியில விட்டுட்டுப் போயிருக்கான்னு நெனச்சேன்." பேச்சு மெதுவாகிக்கொண்டே வந்தது. "பாதிரியாரு நல்ல மனுஷனா இருக்காரு, பில்லுல போட வேண்டாம், நம்ம கணக்குல இருக்கட்டும்னு அதையும் சேத்து முடிச்சேன். வீட்டுக்கு வந்து உன்கிட்டகூடச் சொன்னேன்."

"சொன்னே."

"பெருமையாச் சொன்னேன்."

வெர்னா தொட்டி எதற்கு என்பதை, மார்கிட் சொன்ன மாதிரியே அவருக்குச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே பீன்ஸை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். பிறகு 1974ஐயும் 1989ஐயும் படிக்கக் கொடுத்தாள். அவர் கை நெஞ்சுக்குப் போனது. வெர்னா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல. உக்காரு. இது வேற." கண்ணாடியைக் கழற்றினார். "பென்ஹாலோவோட மணிக்கட்டு, வெர்னா. அன்னிக்கு வண்டியில நான் என்னென்ன பேசினேன் தெரியுமா? காலேஜ்ல ஏழு வருஷம் படிச்சவருக்குப் பனின்னா தண்ணிதான்னு தெரியலையான்னு கேட்டேன். செடி செத்தா நீங்களே ஞானஸ்நானம் குடுத்து அடக்கம் பண்ணிருவீங்களான்னு கேட்டேன். அந்த மனுஷன் சிரிச்சாரு. கை தொங்கிட்டிருக்கு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயை மூடியிருப்பேன்."

"சொல்லலையே."

"பூவாளி வேற வாங்கிக் குடுத்தேன்."

"ரிப்பன் கட்டினது நான்," என்றாள் வெர்னா. அவருக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

"பயப்படாதே. புத்தகத்துல இது வராது. நேத்து எழுதின அந்தப் பக்கத்தை எடுத்துட்டேன். லைலாக் ஒரு பழைய வழக்கம்னு மட்டும் எழுதியிருக்கேன்."

ஓரின் எழுந்து வெளியே போனார். வெயில் இன்னும் இருந்தது. மேட்டில் பக்கத்து வீட்டுக்காரர் மேப்பிள் சாறு காய்ச்சும் கொட்டகையிலிருந்து வெள்ளை ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஓரின் தன் பழைய வேனில் ஏறி, வண்டியைக் கிளப்பாமல் சும்மா உட்கார்ந்திருப்பதை வெர்னா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவினாள். தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் சத்தம் அன்றைக்குப் பெரிதாகக் கேட்டது.

மறுநாள் ஆலயத்தில் எல்லாம் வழக்கம்போல் நடந்தது. ஆராதனை முடிந்தது, காப்பி வந்தது, பக்கவாட்டுக் கதவு திறந்தது. மார்கிட் செம்போடு சேற்றில் கால் வைத்து நடந்தார். கூடத்தில் இருந்தவர்கள் ஓரின் பக்கம் திரும்பினார்கள், வழக்கமான கேள்விக்காக. ஓரின் வாசலில் நின்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மார்கிட் திரும்பி வரும்வரை அப்படியே நின்றார்.

"ஓரினுக்கு இன்னும் உடம்பு சரியாகல போல," என்று ஒரு அம்மாள் வெர்னாவின் காதில் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் அவர் வாயைத் திறந்தார்.

"அந்தப் பக்கத்தை மறுபடி சேத்துடு."

"எந்தப் பக்கம்?"

"உனக்குத் தெரியும். பேரைப் போட்டே எழுது. ஓரின் டட்டில், குழாய் வேலை செய்பவர்னு."

"ஊரே சிரிக்கும் ஓரின்."

"சிரிக்கட்டும். நான் எத்தனை வருஷம் சிரிச்சேன்." சாலைப் பள்ளத்தில் வண்டி குலுங்கியது. "என் பேரை விட்டுட்டா அவங்க செஞ்சதும் போயிடும் வெர்னா. மூணு பேரு, இந்தப் பொண்ணையும் சேத்தா நாலு பேரு, நாப்பத்திரண்டு வருஷம் பனியில நடந்திருக்காங்க. எனக்காக. பைத்தியக்காரங்கன்னு பேரு வாங்கிட்டு நடந்திருக்காங்க. அது எங்கேயாவது எழுதியிருக்கணும்ல. நன்றி சொல்லலாம்னா ரெண்டு பேரு கல்லறையில இருக்காங்க."

"டாகெட் இருக்காரு. ஃப்ளோரிடாவுல."

"விலாசம் குடு," என்றார் ஓரின்.

செவ்வாய்க்கிழமை காலையில் வெர்னா எழுந்தபோது படுக்கையில் அவர் இல்லை. ரப்பர் பூட்ஸும் இல்லை. பயந்துபோய் ஆலயத்துக்கு ஓடினாள். வடக்குச் சுவரோரம், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் ஓரின் உட்கார்ந்திருந்தார். கையில் ரசமட்டமும் ஒரு உருண்டை நூலும். உள்ளே தரையை உடைத்துவிட்டு லூசியன் அப்போதுதான் மேலே வந்தான். அவன் முகத்திலேயே தெரிந்தது.

"முதலாளி, கீழ ஒரு..."

"என் வேலைதான்."

லூசியன் அவரைப் பார்த்தான், வெர்னாவைப் பார்த்தான், கையில் இருந்த சேற்றைக் கால்சட்டையில் துடைத்தான். "எங்க கோயில்ல இப்பிடிப் பண்ணியிருந்தா எங்க பாதிரியாரு உங்களைத் தொட்டியிலேயே முக்கியிருப்பாரு."

"தெரியும்."

"ஆனா ஜாயின்ட் அருமையா இருக்கு முதலாளி. இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு ஒழுகல."

"அதாண்டா வயித்தெரிச்சல்," என்றார் ஓரின். "ஒழுகியிருந்தா கொஞ்சமாவது மண்ணுக்குப் போயிருக்கும். போ, அறு. அடைச்சுட்டு வா. புதுக் குழாய் போடுறோம்."

"சுவரோரமா இறக்கிடவா, முன்ன இருந்த மாதிரி?"

"வேண்டாம். அங்க வரைக்கும் கொண்டு போ." ஓரின் கையை நீட்டி லைலாக்கைக் காட்டினார்.

"பன்னிரண்டு அடியா? இந்தச் சேத்துலயா? எதுக்கு?"

"உனக்குக் கூலி குடுக்குறாங்களா, காரணம் கேக்குறதுக்கு?"

லூசியன் முணுமுணுத்துக்கொண்டே வெட்டினான். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்று ஓரின் நூல் பிடித்தார், மட்டம் வைத்தார், சரியில்லை என்று இரண்டு தடவை பிரிக்க வைத்தார். செடியின் வேரில் மண்வெட்டி படக்கூடாது என்று கடைசி மூன்று அடியைக் கையாலேயே தோண்டச் சொன்னார். பனி இறங்காத ஆழத்துக்குக் குழி பறித்து, சரளைக்கல் நிரப்பி, குழாயின் வாயை அதில் கொண்டுபோய் வைத்தார்கள். மத்தியானம் வெர்னா அந்த ஊர் வழக்கப்படி டோனட்டும் ஊறுகாயும் கொண்டுவந்தாள். லூசியனுக்கு ஆறு, ஓரினுக்கு அரை. மண்வெட்டியை அவர் ஒரு தடவைகூடத் தொடவில்லை. அதற்காகவே அன்று கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டாள் வெர்னா.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மார்கிட் இருவரையும் உடுப்பறைக்குக் கூப்பிட்டார். ஜெரேனியம் ஜன்னலுக்குப் போயிருந்தது, பலகையை எடுத்தாயிற்று. மார்கிட் பாத்திரத்தைக் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் மெதுவாகச் சாய்த்தார். ஓரின் குனிந்து காதைத் தொட்டியருகே வைத்துக் கேட்டார், ஒவ்வொரு வேலையையும் முடித்துவிட்டுக் கேட்கிற மாதிரி.

"போய்ச் சேந்துருச்சு," என்றார்.

"சுவரோரமாவே விட்டிருக்கலாமே," என்றார் மார்கிட். "லூசியன் இன்னும் முதுகைப் பிடிச்சுட்டுத் திரியுறான்."

"அந்தச் செடி நாப்பத்திரண்டு வருஷமா இதையே குடிச்சு வளந்துருக்கு. திடீர்னு நிறுத்துனா என்ன நெனைக்கும்?" என்றார் ஓரின். பிறகு தொட்டியைப் பார்த்தபடி சொன்னார்: "இனிமே நீங்க பனியில போக வேண்டாம் மதர்."

பெண் குருவானவரை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் நான்கு வருஷமாக எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்துவந்தவர் அவர். மார்கிட் சட்டென்று திரும்பிப் பாத்திரத்தைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்த பாத்திரத்தையே மறுபடியும் துடைத்தார்.

ஜூனில் பேராயர் வந்தார். அந்த வருஷம் லைலாக் தாமதமாகப் பூத்து, திருநாளுக்குச் சரியாக நின்றது. புத்தகம் வந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தை ஊரே படித்தது. எதிர்பார்த்த மாதிரியே சிரித்தார்கள். ஒரு மாதம் சாப்பாட்டுக் கடையில் ஓரினுக்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, எங்கே போகுமோ தெரியாது என்றார்கள். ஆனால் படித்தவர்களில் பலர் கல்லறைத் தோட்டத்தில் விட்கோம்ப், பென்ஹாலோ இருவரின் கல்லையும் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு போட்டோ வந்தது. டாகெட் வீட்டு ஜன்னலில் பச்சைப் பூவாளி, அதில் இன்னும் அந்தச் சிவப்பு ரிப்பன். ஓரின் அதைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார்.

ஜனவரி வந்தது. ஆராதனை முடிந்து கூடத்தில் காப்பிக்கு வரிசை நின்றது. மார்கிட்டும் அந்த வரிசையில், கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துச் சூடேற்றிக்கொண்டு நின்றார். பக்கவாட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டு எல்லாரும் திரும்பினார்கள். ஓரின் டட்டில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் பனியில் நிதானமாக நடந்து போனார். வெறும் கைதான், செம்பு எதுவும் இல்லை. லைலாக்கின் முன்னால் போய் நின்றார்.

கழிப்பறைக் குழாயைப் பார்க்க வந்திருந்த லூசியனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. வாசலில் நின்று குரல் கொடுத்தான்.

"என்ன முதலாளி, செடிக்குத் தாகமா?"

ஓரின் உடனே திரும்பவில்லை. ஒரு நிமிஷம் முழுசாக நின்றார். பிறகு, வெர்னாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்த விட்கோம்பின் அதே நிதானத்தோடு சொன்னார்:

"கேட்டுப் பாக்குறேன்."